மோட்டார் வைண்டிங் கோர்ஸை வைத்து, தொழிற்பயிற்சிப் பாடத்திட்டம் எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் ஒரு வைண்டிங் பட்டறையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, அப்புறம் பயிற்றுநராகப் போனவன் நான். தொழிற்பயிற்சி கோர்ஸ்களுக்குப் பாடத்திட்டம் எழுதும் குழுக்களில் சில தடவை உட்கார்ந்திருக்கிறேன். அதனால் புதிதாகப் பயிற்சி மையம் தொடங்குகிறவர்களும், ஐடிஐயில் சேர்ந்த இளம் பயிற்றுநர்களும் போன் செய்து ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உதாரணத்துக்கெல்லாம் பம்பு மோட்டார் ரீவைண்டிங்கையே, அதாவது எரிந்த மோட்டாரின் பழைய கம்பிச் சுருளை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றிக் கட்டுவதையே, எடுத்துக்கொள்கிறேன், எனக்குக் கைப்பழக்கம் உள்ள வேலை அதுதான். தையல், வெல்டிங், ஏசி மெக்கானிக் என்று எதற்கு எழுதினாலும் போகிற வழி இதேதான்.

சிலபஸ் ஏற்கெனவே இருக்கிறதே, பாடத்திட்டம் என்று தனியாக எதற்கு?

சிலபஸில் "ஏசி மோட்டார் ரீவைண்டிங்" என்று ஒரு வரியும் பக்கத்தில் ஒரு மணிக்கணக்கும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வகுப்புக்குள் போய் என்ன செய்வது என்று யோசித்துப் பாருங்கள். வருகிற பையன் எட்டாவது படித்தவனா, பத்தாவது படித்தவனா, ஏற்கெனவே மாமா கடையில் ஸ்பேனர் பிடித்தவனா? அவன் வெளியே போகும்போது யார் துணையும் இல்லாமல் எந்தெந்த வேலையைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும், அதை எந்த வரிசையில், எந்தக் கருவியோடு, எத்தனை தடவை செய்து பழக வேண்டும், செய்ய வந்துவிட்டது என்று நாம் எதை வைத்துச் சொல்வோம்? இத்தனைக்கும் பதில் எழுதி முடித்தால் அதற்குப் பெயர்தான் பாடத்திட்டம்.

எங்கிருந்து தொடங்குவது?

வேலையிலிருந்து. புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கினால் "மின்சாரம் என்றால் என்ன" என்று ஆரம்பித்து, மூன்று மாதம் கழித்துத்தான் ஒரு மோட்டாரைத் திறப்பீர்கள். அதற்குள் பாதிப் பேர் வருவதை நிறுத்தியிருப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு ஒரு முறை உண்டு, டேக்கம் என்பார்கள். 1960களின் கடைசியில் கனடாவில் உருவானது, பிறகு அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் வழியாக உலகம் முழுக்கப் பரவியது. செய்முறை எளிது. அந்த வேலையைத் தினமும் செய்கிற, கை தேர்ந்த ஐந்து முதல் பன்னிரண்டு பேரை இரண்டு நாள் ஒரு அறையில் உட்கார வைக்கிறோம். "உங்கள் வேலையில் பெரிய பொறுப்புகள் என்னென்ன? ஒவ்வொரு பொறுப்பிலும் என்னென்ன வேலைகள் செய்கிறீர்கள்?" என்று கேட்டு, ஒவ்வொன்றையும் ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுகிறோம். வழக்கமாக ஏழெட்டுப் பொறுப்புகள், நூறு வேலைகள் அளவில் வந்து நிற்கும். பேராசிரியர்களும் பயிற்றுநர்களும் அந்த இரண்டு நாளும் வாயைத் திறக்கக் கூடாது, கேட்கலாம், எழுதலாம், அவ்வளவுதான். இந்த விதியை மட்டும் தயவுசெய்து மீறாதீர்கள். நடுவில் ஒரு பொறியாளர் "அதை இப்படிச் சொல்ல வேண்டும்" என்று திருத்த ஆரம்பித்தால், அதோடு மேஸ்திரிகள் பேசுவதை நிறுத்திவிடுவார்கள்.

யாரைக் கூப்பிடுவது? பட்டறை முதலாளிகளையா, வேலை செய்கிறவர்களையா?

வேலை செய்கிறவர்களை. முதலாளிக்குத் தன் தொழில் தெரியும், என்ன ஆள் வேண்டும் என்பதும் தெரியும், அவரிடம் தனியாக ஒரு மணி நேரம் பேசுங்கள். ஆனால் காயிலை (கம்பிச் சுருளை) ஸ்லாட்டுக்குள், அதாவது மோட்டாரின் இரும்பு உடலில் உள்ள காடிக்குள், இறக்கும்போது விரல் எங்கே இருக்க வேண்டும் என்பது, இன்றைக்குக் காலையில் இறக்கிவிட்டு வந்தவருக்குத்தான் தெரியும்.

முதல்முறை நான் இருந்த குழுவில் ஒரு மூத்த மேஸ்திரி வந்திருந்தார். ஒரு மணி நேரமாக எல்லோரும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள்: மோட்டாரைப் பிரிப்பது, பழைய காயிலை அறுப்பது, ஸ்லாட்டைச் சுத்தம் செய்வது, பேப்பர் போடுவது, காயில் சுற்றுவது, இறக்குவது, கனெக்‌ஷன், வார்னிஷ். எல்லாம் புத்தகத்திலும் இருப்பதுதான். அவர் மட்டும் சும்மாவே உட்கார்ந்திருந்தார். "ஏண்ணா, நீங்க மோட்டார் வந்ததும் மொதல்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "கவரைக் கழட்டி நல்லாப் பார்ப்பனுங்க தம்பி. எப்படிக் கருகியிருக்குன்னு பாத்தாலே எதனால போச்சுன்னு தெரிஞ்சுரும். அது தெரியாமக் கட்டிக் குடுத்தா அடுத்த மாசம் திரும்ப வந்துரும்" என்றார்.

அதுவரை அறையில் யாரும் அதைச் சொல்லவில்லை. மூன்று ஃபேஸ் காயிலும் ஒரே சீராகக் கருகியிருந்தால் ஓவர்லோடு அல்லது வோல்டேஜ் குறைவு என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். ஸ்டார் கனெக்‌ஷனில் இரண்டு ஃபேஸ் மட்டும் கருகி மூன்றாவது புதிதுபோல இருந்தால், லைனில் ஒரு ஃபேஸ் விட்டுப்போய் ஓடியிருக்கிறது, டெல்டாவில் அதே கோளாறு ஒரே ஒரு ஃபேஸைக் கருக்கும் (ஸ்டார், டெல்டா என்பவை மூன்று ஃபேஸ் காயில்களை ஒன்றோடொன்று இணைக்கிற இரண்டு விதம்). ஒரே இடத்தில் மட்டும் கம்பி உருகித் துளி விட்டிருந்தால் சுற்றுகளுக்கு இடையே ஷார்ட். பேரிங் தேய்ந்து, உள்ளே சுழலும் ரோட்டார் உரசியிருந்தால் ஸ்டாம்பிங்கில் (காயில் உட்காரும் இரும்புத் தகடுகளின் அடுக்கில்) தேய்மானக் கோடு தெரியும். விவசாயிக்கு வேண்டியது இந்தப் பதில். ஸ்டார்ட்டரில், ஒரு ஃபேஸ் விட்டுப்போனால் மோட்டாரை நிறுத்துகிற சிங்கிள் ஃபேஸ் பிரிவென்ட்டர் வைக்கச் சொல்ல வேண்டுமா, கேபிளை மாற்ற வேண்டுமா, பம்பில் மண் அடைத்திருக்கிறதா என்று அவருக்குச் சொல்லத் தெரிந்தவன்தான் தொழில் தெரிந்தவன். எங்கள் பாடத்திட்டத்தில் "எரிந்த காரணம் கண்டுபிடித்தல்" என்பது தனிப் பகுதியாக, ரீவைண்டிங்குக்கு முன்னாலேயே வந்தது அந்த ஒரு பேச்சால்தான்.

அதனால் அறையில் இருப்பவர்களிடம் "என்ன செய்வீர்கள்" என்பதோடு நிறுத்தாமல், "எதைப் பார்த்து முடிவு செய்வீர்கள்", "புதுப் பையன் எங்கே கெடுப்பான்" என்ற இரண்டையும் கேளுங்கள். கை செய்கிற வேலையைச் சொல்லிவிடுவார்கள். கண்ணும் காதும் செய்கிற வேலை பழகிப்போனதால் அவர்களுக்கே சொல்லத் தோன்றாது, தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

அரசாங்கப் பாடத்திட்டம் இருக்கும்போது நாமே எழுதலாமா?

நீங்கள் நடத்துவது ஐடிஐ டிரேடு என்றால், 1950ல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் மத்திய அரசு வெளியிடும் பாடத்திட்டம்தான், அதை மாற்ற முடியாது. எலக்ட்ரீஷியன் டிரேடு இரண்டு வருடம், அதில் வைண்டிங் ஒரு பகுதி. மாற்ற முடியாது என்றாலும், அந்த ஒரு வரியை எப்படி நடத்துவது என்பது முழுக்க உங்கள் கையில்தான் இருக்கிறது, மேலே சொன்ன வேலை அங்கேயும் உதவும்.

குறுகிய காலக் கோர்ஸ் என்றால் உங்களுக்கு இடம் உண்டு. ஆனால் சான்றிதழ் வெளியே செல்லுபடியாக வேண்டும் என்றால் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின் ஒரு நிலையோடு பொருந்த வேண்டும். 2013ல் வந்தபோது அதில் பத்து நிலைகள் இருந்தன, 2023ல் திருத்தி எட்டாக்கிவிட்டார்கள், நடுவில் அரை நிலைகளும் உண்டு. பழைய அட்டவணையைப் பார்த்து எழுதிக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கவனம். அங்கீகாரம் தருவது தேசியத் தொழிற்கல்வி பயிற்சிக் குழுமம், 2018ல் அறிவிக்கப்பட்டது. அந்தந்தத் துறைத் திறன் குழுமம் வெளியிட்ட தொழில் தரங்களை முதலில் எடுத்துப் படியுங்கள். பாதி வேலை அங்கே முடிந்திருக்கும், மீதிப் பாதியை உங்கள் ஊர்ப் பட்டறை சொல்லும்.

எத்தனை மணி நேரம் வைப்பது? ஆறு மாதமா, ஒரு வருடமா?

முதலில் நாளைத் தீர்மானித்துவிட்டு அதற்குள் பாடத்தைத் திணிக்காதீர்கள். கோவைக்காரர்களுக்கு இது பழைய சண்டை. 1937ல் இங்கே முதல் இந்திய மின்மோட்டாரை உருவாக்கியதில் பங்கு கொண்ட ஜி. டி. நாயுடு, 1945ல் அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கினார். நான்கு வருடப் படிப்பு காலவிரயம், இரண்டு வருடத்தில் முடிக்கலாம் என்று வாதாடினார், அரசு ஒத்துக்கொள்ளவில்லை, விலகிவிட்டார். இரண்டா நான்கா என்பதை விடுங்கள். எந்த வேலைக்கு எவ்வளவு பழக்கம் வேண்டும் என்று அவர் கேட்டாரே, அதை நாம் ஒவ்வொரு கோர்ஸுக்கும் கேட்க வேண்டும்.

கணக்கு இப்படித்தான். ஐடிஐயில் 2022 திருத்தத்துக்குப் பிறகு வருடத்துக்கு 1200 மணி நேரம். முதல் வருடத்தில் செய்முறை 840, தொழில் தியரி 240, வேலைவாய்ப்புத் திறன் 120. இது போக நிறுவனத்தில் 150 மணி நேர நேரடிப் பயிற்சி. புதிய கிரெடிட் கணக்கில் 30 மணி நேரம் ஒரு கிரெடிட், 1200 என்றால் 40 கிரெடிட். உங்கள் கோர்ஸை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள்.

எல்லோரும் தவறவிடுகிற இடம் ஒன்று இருக்கிறது. வகுப்பில் 20 பேர், பயிற்சிக்கு ஐந்து ஸ்டேட்டர் (மோட்டாரில் சுழலாத, காயில் கட்டுகிற பகுதி). ஒரு ஸ்டேட்டருக்கு நான்கு பேர். ஒருவன் காயில் இறக்குவான், மூன்று பேர் பார்ப்பார்கள். ரீவைண்டிங்குக்கு நீங்கள் 40 மணி நேரம் ஒதுக்கியிருந்தால் ஒவ்வொருவனுக்கும் கை படுகிற நேரம் பத்து மணிதான். புதிய பையன் ஒருவன் 36 ஸ்லாட் ஸ்டேட்டரை முதல்முறை கட்டி முடிக்கவே அது பற்றாது. காகிதத்தில் 40 என்று இருக்கும், ஒரு மோட்டாரைக்கூட முழுதாகக் கட்டாமல் அவன் சான்றிதழோடு வெளியே போவான். இது எனக்கு ரொம்ப வருத்தம் தருகிற விஷயம், ஏனென்றால் முதல் நாள் பட்டறையில் அவமானப்படுவது அவன்தான், மணிக்கணக்கு எழுதியவர்கள் யாரும் அங்கே இருப்பதில்லை. பாடத்திட்டத்தில் மணிக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போடுங்கள்: "ஒருவர் தனியாக எத்தனை முறை செய்வார்". அந்தப் பத்தியை நிரப்பும்போதே எவ்வளவு கருவி வேண்டும், எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்பது தெரிந்துவிடும்.

தியரி எவ்வளவு வேண்டும்? பையன்களுக்குக் கணக்கு வராதே?

வேலைக்கு எது தேவையோ அதை, அந்த வேலை கையில் இருக்கும்போது. 36 ஸ்லாட், 4 போல் (காந்த முனை) மோட்டார் மேசையில் இருக்கிறது. 36ஐ 4ஆல் வகுத்தால் 9, அதுதான் போல் பிட்ச், ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்கு உள்ள ஸ்லாட் எண்ணிக்கை. ஒரு போலுக்கு ஒரு ஃபேஸுக்கு 3 ஸ்லாட். 50 சைக்கிள் கரண்டில் காந்தப்புலம் 1500 ஆர்பிஎம் சுற்றும், நேம்பிளேட்டில் 1440 என்று போட்டிருக்கிறதே, அந்த 60 எங்கே போனது என்று கேட்டால் ஸ்லிப் (காந்தப்புலத்தைவிட ரோட்டார் பின்தங்குவது) பற்றிய பாடம் தானாக ஆரம்பித்துவிடும். கணக்கு வராது என்று ஒதுக்கப்பட்ட பையன்களே விரலால் ஸ்லாட்டை எண்ணி, காயில் எங்கே ஆரம்பித்து எங்கே முடியும் என்று சரியாகச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். அதனால் தியரிக்குத் தனிப் புத்தகம், தனி நாள் என்று பிரிக்காமல், ஒவ்வொரு வேலைக்கும் எதிரே அதற்கு வேண்டிய கணக்கு, அறிவியல், வரைபடம் என்ன என்று எழுதிக்கொள்ளுங்கள். எதிரே எந்த வேலையும் இல்லாத தியரி இருந்தால் அது ஏன் இருக்கிறது என்று கேளுங்கள்.

ஜெர்மனியின் தொழிற்பள்ளிகள் 1996 முதல் பாடங்களை இயற்பியல், கணக்கு என்று பிரிக்காமல், வேலைச் சூழல்களை ஒட்டிய கற்றல் களங்களாகத்தான் பிரிக்கின்றன. அங்கே மாணவர் வாரத்தில் பெரும்பகுதி நிறுவனத்திலும், ஒன்றிரண்டு நாள் பள்ளியிலும் இருப்பது அதற்கு வசதி. நம் ஊரில் 2016ல் வந்த இருமுறைப் பயிற்சித் திட்டம் இதை ஒட்டியதுதான்.

பயிற்சி ஜாப்பிலிருந்து தொடங்குவதா, நிஜ மோட்டாரிலிருந்தா?

இரண்டும் வேண்டும், வரிசைதான் முக்கியம். இரும்புத் துண்டை அரத்தால் ராவிச் சதுரமாக்குவது, ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும்படி இரண்டு துண்டு செய்வது என்று ஐடிஐயில் தருகிற ஜாப்களின் சிந்தனை 1868க்குப் போகிறது. மாஸ்கோவின் இம்பீரியல் தொழில்நுட்பப் பள்ளியில் விக்டர் டெல்லா வோஸ் என்பவர், ஒரு தொழிலை அதன் அடிப்படைச் செயல்களாகப் பிரித்து, எளிதிலிருந்து கடினத்துக்குப் பயிற்சித் துண்டுகளாக வரிசைப்படுத்தினார். 1876 பிலடெல்பியா கண்காட்சியில் அதைப் பார்த்த அமெரிக்கர்கள் எடுத்துப் பரப்பினார்கள். அந்த முறையின் பலம் இன்றும் இருக்கிறது: காயில் இறக்கப் பழக நிஜ மோட்டார் தேவையில்லை, மரத்தில் அல்லது பழைய ஸ்டாம்பிங்கில் செய்த டம்மி போதும், பழைய கம்பியே போதும்.

ஆனால் அங்கேயே நின்றுவிட்டால், டம்மியில் கெட்டிக்காரனாக இருப்பான், எரிந்து நாற்றமடிக்கிற, துருப்பிடித்து போல்ட் கழலாத நிஜ மோட்டாரைப் பார்த்ததும் கை நின்றுவிடும். நாங்கள் வைத்த வரிசை: இரண்டு டம்மி, பிறகு ஸ்கிராப் கடையிலிருந்து வாங்கிய மோட்டார், கடைசியாக வாடிக்கையாளருடைய மோட்டார், அதுவும் மேஸ்திரி பக்கத்தில் இருக்கும்போது.

தேர்வு எப்படி வைப்பது?

பாடம் எழுதும் முன் தேர்வை எழுதுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். எரிந்த மோட்டாரை மேசையில் வைத்துவிட்டு, கடைசி நாள் அவன் என்ன செய்து காட்ட வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதினால், நீங்கள் கற்பிக்க வேண்டியது எல்லாம் அதிலிருந்து பின்னோக்கி வந்துவிடும். எங்கள் தாள் ஏறக்குறைய இப்படி இருந்தது:

- பழைய காயிலை அறுக்கும் முன் நேம்பிளேட் விவரம், சுற்று எண்ணிக்கை, எனாமலை நீக்கி மைக்ரோமீட்டரில் அளந்த கம்பி கேஜ் (தடிமன்), பிட்ச், காயிலின் வெளி நீளம், கனெக்‌ஷன் படம் ஆறும் நோட்டில் ஏறியிருக்கிறதா?
- எரிந்த காரணம் என்ன என்று சொல்லி, எதை வைத்துச் சொல்கிறான் என்று காட்டுகிறானா?
- கட்டி முடித்ததும் கன்டினியூட்டி (கம்பி எங்கும் அறாமல் இருக்கிறதா), 500 வோல்ட் மெக்கர் டெஸ்ட் (கரண்ட் கசியாமல் இன்சுலேஷன் தாங்குகிறதா) இரண்டும் எடுக்கிறானா, மெக்கர் அளவைச் சரியாகப் படிக்கிறானா?
- லோடு இல்லாமல் ஓட்டி மூன்று ஃபேஸிலும் டாங் டெஸ்டர் (கம்பியைக் கவ்விக் கரண்ட் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்து, கரண்ட் சமமாக இல்லை என்றால் என்ன செய்வான் என்று சொல்கிறானா?
- சப்ளையைத் துண்டித்து, டெஸ்ட் லேம்பில் உறுதி செய்துவிட்டுத்தான் டெர்மினலில் கை வைக்கிறானா?

கடைசி வரியில் தவறினால் மற்றது எல்லாம் சரியாக இருந்தாலும் தேர்ச்சி கிடையாது. மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்து 60 வந்துவிட்டது என்று விடுகிற இடம் இது இல்லை. பாதுகாப்பை முதல் வாரத்தில் ஒரு பாடமாக எடுத்து முடித்துவிடுவதும் இதனால்தான் போதாது, ஒவ்வொரு வேலையின் ஒவ்வொரு படிக்குள்ளும் அது இருக்க வேண்டும்.

கலைச்சொற்கள் தமிழிலா, ஆங்கிலத்திலா?

விளக்கம் தமிழில், பெயர் பட்டறையில் என்ன சொல்கிறார்களோ அதில். ஸ்டேட்டரை ஸ்டேட்டர் என்றே சொல்லுங்கள், கடையில் போய் அப்படித்தான் கேட்க வேண்டும். ஆனால் நேம்பிளேட், கம்பெனி கேட்லாக், ஸ்டார்ட்டர் வயரிங் படம் எல்லாம் ஆங்கிலத்தில் வரும், அதைப் படிக்கவும் பழக்குங்கள், வாரத்துக்கு ஒரு நேம்பிளேட் போதும். சென்னை கிண்டியில் இருக்கிற தேசியப் பயிற்சி ஊடக நிறுவனம் ஐடிஐ டிரேடுகளுக்குத் தமிழிலும் புத்தகங்கள் போட்டிருக்கிறது, புதிதாக எழுதும் முன் அதைப் பாருங்கள்.

உள்ளூர்க் கம்பெனி ஒன்று தங்கள் மெஷினுக்கு மட்டும் ஆள் தயார் செய்து தரச் சொல்கிறது. செய்யலாமா?

மெஷினும் கம்பியும் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அவர்கள் மெஷினில் கடைசி மாதம் பழக்குங்கள். பாடத்திட்டம் முழுவதையும் அதற்கு எழுதிக் கொடுக்காதீர்கள். திருச்சியில் பாய்லர் ஆர்டரை நம்பி இருந்த ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகள், அனல் மின்நிலைய ஆர்டர்கள் குறைந்தபோது எப்படித் திணறின என்று நமக்குத் தெரியும். ஒரே வேலை தெரிந்தவன் அந்த ஒரே வாசலில்தான் நிற்க வேண்டும். வைண்டிங் கற்றவனுக்கு ஸ்டார்ட்டர் பேனல், பம்பு இறக்கி ஏற்றுவது, சோலார் பம்பின் கன்ட்ரோலர் மூன்றும் ஓரளவு தெரிந்திருந்தால், மழைக்காலத்தில் மோட்டார் வரத்து குறையும்போதும் பிழைத்துக்கொள்வான்.

இதைப் படித்தால் மேலே படிக்க முடியுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள்.

கேட்கத்தான் செய்வார்கள், கேட்க வேண்டும். பத்தாவது முடித்து இரண்டு வருட ஐடிஐ படித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், அங்கிருந்து பொறியியல் இரண்டாம் ஆண்டுக்கும் வழி உண்டு. குறுகிய காலக் கோர்ஸ் நடத்துகிறவர்கள் இந்த வாசல் தங்கள் சான்றிதழுக்குத் திறக்குமா திறக்காதா என்பதைச் சேர்க்கையின்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

முழுதாக மாற்றுவது மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். நடுவில் ஒவ்வொரு வருடமும் ஒரு வேலை செய்யுங்கள்: போன வருடம் படித்து முடித்தவர்களில் பத்துப் பேரை அவர்கள் வேலை பார்க்கும் இடத்திலேயே போய்ப் பாருங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். நாங்கள் சொல்லித்தந்ததில் இதுவரை தொடாதது எது? சொல்லித்தராமல் விட்டு, நீங்கள் திட்டு வாங்கியது எது? இப்போது புதிதாக என்ன மோட்டார் வருகிறது? நான் கடைசியாகப் போனபோது வார்னிஷ் பற்றி ஒரு பையன் பிடித்துக்கொண்டான். தண்ணீர் நிரம்பிய சப்மெர்சிபிள் மோட்டாரில் சுற்றுவது மேலே உறை போட்ட கம்பிதான், அதற்கு வார்னிஷே கிடையாது, நாங்கள் வார்னிஷுக்கு இரண்டு நாள் எடுத்துவிட்டு, அந்தக் கம்பியை உறை கிழியாமல் ஸ்லாட்டில் எப்படி இழுப்பது, ஜாயின்ட்டுக்குத் தண்ணீர் புகாமல் எப்படி டேப் சுற்றுவது என்பதற்கு அரை நாள்தான் கொடுத்திருந்தோம். அவன் கடைக்கு வருவதில் பெரும்பாதி போர்வெல் மோட்டார். அடுத்த பேட்ச்சுக்கு அந்த இரண்டையும் இடம் மாற்றிவிட்டோம்.